ஃப்ரீடயாமீட்டர்: பெயர் பொருந்தாவிட்டால் கதவு திறக்காது

கைபேசி வலையமைப்பில் ஒரு சந்தாதாரர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க, 4ஜி மையத்தில் கைபேசிகளின் இணைப்பை நிர்வகிக்கும் எம்எம்இ-யும் சந்தாதாரர் தரவுத்தளமான எச்எஸ்எஸ்-உம் எஸ்6ஏ இடைமுகத்தின் வழியே பேசிக்கொள்கின்றன. அந்த உரையாடல் நடப்பது டயாமீட்டர் நெறிமுறையில். அதன் இன்றைய அடிப்படை வரையறை 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6733 என்ற இணையத் தர ஆவணம். இந்த நெறிமுறையைச் சி மொழியில் செயல்படுத்தி, பிஎஸ்டி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே ஃப்ரீடயாமீட்டர். ஓப்பன்5ஜிஎஸ் என்ற திறந்த மூல மைய வலையமைப்பு மென்பொருளை நிறுவியவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இதைப் பயன்படுத்தியிருப்பார்கள். சோதனை வலையமைப்பில் இதை நீண்ட நாள் இயக்கிப் பார்த்தபின், பியர் (நேரடியாக இணையும் எதிர்முனை) இணைப்புகளை அமைக்கும் பகுதியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அமைவுக் கோப்பு வியக்கத்தக்க வகையில் சிறியது. 'கனெக்ட்பியர்' என்று தொடங்கி எதிர்முனையின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி, அடைப்புக்குள் 'கனெக்ட்டூ' என்று ஐபி முகவரியைத் தந்தால் போதும். போர்ட் எண்ணைக் குறிப்பிடாவிட்டால் வழக்கமான எண்ணை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர்தான் முழு விஷயமும். டயாமீட்டருக்கு முந்தைய அங்கீகார நெறிமுறையான ரேடியஸில் பழகியவர்கள் ஐபி முகவரியும் பகிர்ந்த ரகசியச் சொல்லும் சேர்ந்து ஒருவரை அடையாளம் காட்டும் என்று எண்ணியே இங்கும் வருகிறார்கள். டயாமீட்டரில் முகவரி என்பது போய்ச் சேரும் வழி மட்டுமே. அடையாளம் என்பது 'ஆரிஜின்-ஹோஸ்ட்' என்ற பெயர்.

இதை நான் கற்றது ஒரு மாலை முழுவதையும் செலவழித்துத்தான். எச்எஸ்எஸ் பக்கத்தின் 'ஐடென்டிட்டி' வரியில் ஒரு டொமைன் பெயரும், எம்எம்இ பக்கத்தின் கனெக்ட்பியர் வரியில் வேறொரு டொமைன் பெயரும் எழுதியிருந்தேன். பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தபோது எஸ்சிடிபி என்ற போக்குவரத்து நெறிமுறையின் இணைப்பு எழுந்திருந்தது, தன் திறன்களை அறிவிக்கும் சிஇஆர் கோரிக்கை போயிருந்தது, வெற்றியைக் குறிக்கும் 2001 என்ற எண்ணுடன் அதற்குப் பதிலான சிஇஏ-வும் திரும்பியிருந்தது. அடுத்த நொடியே இணைப்பு அறுந்தது. வந்த பதிலில் இருந்த பெயர் எதிர்பார்த்த பெயர் அல்ல என்பதால் எம்எம்இ பக்கமே அதைத் துண்டித்திருந்தது. ஒரு சொல்லைத் திருத்தியதும் லாகில் நிலை 'ஸ்டேட்_ஓப்பன்' என்று மாறியது. இந்தக் கண்டிப்பை நான் குறையாகச் சொல்லவில்லை. சந்தாதாரரின் அங்கீகாரத் தரவு கைமாறும் இடத்தில், பெயர் ஏறத்தாழப் பொருந்தினால் போதும் என்று விடும் மென்பொருளை யாரும் நம்பக் கூடாது.

என் உண்மையான மனக்குறை வேறு. ஃப்ரீடயாமீட்டர் தன்னை ஒரு ரிலே (செய்திகளை வேறு முனைக்குக் கடத்தும் இடைமுனை) என்றும் அறிவித்துக்கொள்வதே அதன் இயல்பு நிலை. ரிலே எல்லா அப்ளிகேஷன்களுக்கும் (எஸ்6ஏ போன்ற, டயாமீட்டரின் தனித்தனிப் பயன்பாடுகள்) பொதுவானது என்பதால், 16777251 என்ற எண்ணுடைய எஸ்6ஏ-வை ஒரு பக்கம் ஏற்றவே இல்லாதபோதும், பொதுவான அப்ளிகேஷன் இல்லை என்னும் 5010 பிழை எழாமல் பியர் திறந்துவிடுகிறது. முதல் அங்கீகாரக் கோரிக்கை போகும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. நேருக்கு நேர் இரண்டே முனைகள் உள்ள அமைப்பில் 'நோரிலே' என்ற வரியை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். தவறு உரிய இடத்திலேயே பிடிபடும்.

எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வாட்ச்டாக் டைமரின் இயல்பு அளவு 30 நொடி. அமைதியான இணைப்பில் முதல் 30 நொடி கழிந்து வாட்ச்டாக் கேள்வி போகும், மேலும் 30 நொடி பதில் வராவிட்டால் பியர் சந்தேக நிலைக்குப் போகும், அதற்கும் பிறகு இன்னொரு 30 நொடி கழித்தே இணைப்பு மூடப்படும். பயனர்கள் காத்திருக்கும் வலையமைப்பில் இது மிக நீளம். 'டிடபிள்யூடைமர்' வரியில் இதைக் குறைக்கலாம். வரையறை அனுமதிக்கும் கீழெல்லை 6 நொடி. நெரிசலான இணைப்பில் 6 வைத்தால் பியர் அடிக்கடி விழுந்து எழும். விழுந்தபின் மீண்டும் நம்பிக்கை பெற மூன்று வாட்ச்டாக் பதில்கள் வேண்டும் என்பதால், 10 நொடியே எனக்குச் சரியாக அமைந்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கோப்பில் இல்லாத பியர்களை அது ஏற்பதில்லை. 'ஏசிஎல்_டபிள்யூஎல்' என்ற நீட்சியை ஏற்றி அனுமதிப் பட்டியல் தந்தால்தான் மற்றவர்கள் நுழைய முடியும். இது நல்ல தொடக்க நிலை. டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாமல் இணைய விடும் 'நோ_டிஎல்எஸ்' வரி மாதிரிக் கோப்புகளிலிருந்து அப்படியே நிஜ அமைப்புக்கு நகலாகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

சோதனைக் கூடத்துக்கும் சிறிய மையத்துக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பியர்களை அடிக்கடி சேர்க்கும் பெரிய அமைப்புக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கோப்பில் ஒரு கனெக்ட்பியர் வரியைக் கூட்டினாலும் சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும், அப்போது ஏற்கெனவே திறந்திருக்கும் எல்லாப் பியர்களும் சேர்ந்தே அறுந்து மீண்டும் கைகுலுக்க வேண்டியிருக்கும்.