ஸ்பிரிங் எக்கோ பெட்டிக்கு எது தோது: வால்வு ரேடியோவா, மைக்செட் ஆம்ப்ளிஃபயரா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு சாமான் இரண்டு வகையாகக் கண்ணில் படும். பட்டாலையில் உட்கார்ந்து செய்தி சொன்ன மர்ஃபி, பிலிப்ஸ், ஜி.இ.சி. ரேடியோக்கள் ஒரு வகை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் 'ரேடியோ செட்' கட்டியவர்கள் டிரான்சிஸ்டருக்கு மாறியபோது ஓரங்கட்டிய கனத்த மைக்செட் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு வகை. கிட்டாருக்கோ குரலுக்கோ ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டி செய்ய, மைக்செட்காரர் பாஷையில் எக்கோ போட, இரண்டில் எதை எடுப்பது?

ரேடியோவைத்தான். அதிலும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரேடியோவை. மைக்செட்டுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒதுக்க வேண்டியது 'ஏசி/டிசி' ரேடியோ. யு.சி.எச்.81, யு.சி.எல்.82, யு.ஒய்.85 என்று வால்வுப் பெயர்கள் 'யு'வில் தொடங்கினால் உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. சேஸி (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) நேராகக் கரண்ட் கம்பியின் ஒரு முனையில் நிற்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் கிட்டார் கம்பி வழியே 230 வோல்ட் கைக்கு வரும். ஃபிலமென்ட்கள் எல்லாம் 100 மில்லி ஆம்பியரில் ஒரே சரமாகக் கோத்திருப்பதால் வேறு வால்வைப் பொருத்தவும் வழியில்லை. விலை குறைவு என்று யாரும் தூக்கி வர வேண்டாம்.

மற்ற இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது ஒரே விஷயம்: ஸ்பிரிங் டேங்க்கை, அதாவது ஒலியை ஸ்பிரிங் வழியே அனுப்பி எக்கோ ஆக்கும், இரு முனையிலும் சுருள் உள்ள தகரத் தட்டை, எப்படி ஓட்டுகிறோம் என்பது. வாட்ஸ், அழகு, விலை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வால்வுப் பெட்டிகளுக்கு வழக்கமான டேங்க் 4ஏபி3சி1பி. 1961-ல் வந்த ஃபெண்டர் 6ஜி15 தனி ரிவெர்ப் பெட்டியின் வழியில் செய்பவர்கள் எடுப்பதும் இதே வகைதான். நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். உள்ளீட்டுச் சுருள் 8 ஓம், வெளியீட்டுச் சுருள் 2250 ஓம். ஆனால் இந்த 8 ஓம், ஸ்பீக்கரின் 8 ஓம் அல்ல. 1 கிலோஹெர்ட்ஸில் அளந்த கணக்கு அது. சுருளின் நேர்மின் தடை 1 ஓம்கூட இல்லை. அது ஒரு இண்டக்டர் என்பதால் 5 கிலோஹெர்ட்ஸில் மின்மறுப்பு (ஏசிக்கு அது காட்டும் தடை) 40 ஓம் அளவுக்கு ஏறிவிடும். ஸ்பிரிங்கை ஆட்டுவது சுருளில் ஓடும் கரண்ட், வோல்டேஜ் அல்ல. அதனால் எல்லா அலைவரிசையிலும் ஒரே கரண்ட்டைத் தள்ளும் டிரைவர் வேண்டும். இல்லையென்றால் மேல் ஸ்தாயி மங்கி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும்.

ரேடியோவின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ஒற்றை இ.எல்.84, அல்லது இ.சி.எல்.82-இன் பென்டோடு (ஐந்து மின்முனை வால்வு) பாதி. பென்டோடுக்கு வெளியீட்டு மின்மறுப்பு இயல்பிலேயே அதிகம், ஏறக்குறைய கரண்ட் மூலம் போலவே நடந்துகொள்ளும். அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோ 3 முதல் 5 ஓம் ஸ்பீக்கருக்காகச் சுற்றியது. ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றி டேங்க்கில் மாட்டினால் போதும். டேங்க்குக்கு வேண்டியது சுமார் 28 மில்லி ஆம்பியர்தான். 1 கிலோஹெர்ட்ஸில் அது கால் வோல்ட்டுக்கும் குறைவு. மேல் ஸ்தாயிக்கு 1 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும்போது 3 வாட் ரேடியோ கொஞ்சமும் திணறாது. மாற்ற வேண்டியது ஒன்றுதான்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்றிலிருந்து முன்கட்டத்துக்கு வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுபோகும் ஃபீட்பேக் கம்பி இருந்தால் வெட்டிவிடுங்கள். அது இருக்கும்வரை வெளியீட்டு மின்மறுப்பு தாழ்ந்தே கிடக்கும்.

மைக்செட்டில் எல்லாம் தலைகீழ். இரண்டு பவர் வால்வு புஷ்புல்லில் (அலையை ஆளுக்குப் பாதியாகச் சுமந்து), நிறைய ஃபீட்பேக்கோடு. ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் வோல்டேஜ் அசையக் கூடாது என்பதற்காகவே செய்த சாதனம் அது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ஓட்ட முடியாது என்றில்லை. 8 ஓம் முனையில் 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை டேங்க்கோடு தொடராகப் போட்டால் கரண்ட் ஓரளவு நிலைக்கும். ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை காட்ட 10 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் சூடாகிக்கொண்டே கிடக்க வேண்டும். இத்தனையும் சில மில்லி வாட் வேலைக்கு. தப்பித்தவறி 100 வோல்ட் லைன் முனையில் டேங்க்கை மாட்டினால் சுருள் அந்த இடத்திலேயே போய்விடும்.

இனி மைக்செட்டின் நல்ல பக்கம். டேங்க்கின் வெளியீடு சில மில்லி வோல்ட்தான், மைக்கும் அவ்வளவே தரும். ஆக டேங்க் வெளியீட்டைத் தூக்கி நிறுத்தும் ரெக்கவரி கட்டம் மைக் சேனலாகத் தயாராகவே இருக்கிறது. ஆனால் அங்கேயே ஒரு பொறியும் இருக்கிறது. மைக் சேனல்கள் எல்லாம் பவர் கட்டத்துக்கு முன்னால் ஒன்றுசேர்கின்றன. டேங்க்கை இரண்டாம் சேனலுக்குத் திருப்பினால் அந்தச் சத்தம் மறுபடி டேங்க்குக்கே போகும், பெட்டி ஊளையிடும். மிக்ஸிங் புள்ளியைப் பிரித்து வேறு வழி போட்டால்தான் அடங்கும். கூடவே அந்தப் பெரிய மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். அதே பெட்டிக்குள் டேங்க்கை வைத்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங் வெளியீட்டுச் சுருளில் நேராக ஏறும், எந்த ஃபில்டரும் அதை எடுக்காது. நல்ல நிலையில் உள்ள வால்வு மைக்செட் கிட்டார் ஆம்ப்ளிஃபயராகவே பிழைக்கட்டும்.

ரேடியோவில் வேலை எப்படிப் போகும்? கம்பியை வெட்டும் முன் அரை மணி நேரச் சோதனை. முதலில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கி நின்றால் அணைத்துவிட்டு மெழுகு பூசிய பழைய காகிதக் கப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றுங்கள். முக்கியமாக, கடைசி வால்வில் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டுக்குப் போகும் கப்பாசிட்டர். அது கசிந்தால் இ.எல்.84 சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். ஃபில்டர் கப்பாசிட்டர்களும் புதிதாகட்டும். ஏசியை டிசி ஆக்கும் இ.இசட்.80 ரெக்டிஃபயருக்கு அடுத்த முதல் கப்பாசிட்டர் 50 மைக்ரோ ஃபாரடைத் தாண்டக் கூடாது. ஹம்மிங் குறையும் என்று 100 போட்டால் ரெக்டிஃபயர்தான் பலி. 47 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் சரி. அதன் குறுக்கே 220 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருந்தால் அணைத்த இரண்டு நிமிடத்தில் மிச்சக் கரண்ட் வடியும். ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். மூன்று பின் பிளக், சேஸிக்கு எர்த், இதில் பேரமே இல்லை.

அடுத்து, ரேடியோவின் பின்புறம் கிராமஃபோன் பிக்கப்புக்கான துளை இருக்கும். அதில் கைபேசியிலிருந்து ஒரு பாட்டு. ஸ்பீக்கர் கம்பியில் டேங்க். டேங்க்கின் வெளியீட்டை ஏதாவது ஒரு மைக்செட்டின் மைக் துளையில் சொருகுங்கள். எக்கோ கேட்டால் டிரைவர் பாதி முடிந்தது, வால்யூம் குமிழே ஸ்பிரிங்கை எவ்வளவு ஆட்டுவது என்பதற்கான கட்டுப்பாடு. கேட்காவிட்டால் முதலில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ரேடியோ அலையைப் பிடிக்கும் பாகங்கள் வெளியே போகலாம்: கேங் (ஸ்டேஷன் திருப்பும் கப்பாசிட்டர்), ஐ.எஃப். டப்பாக்கள் (இடை அலைவரிசைச் சுருள்கள்), இ.சி.எச்.81, இ.பி.எஃப்.89 வால்வுகள். அந்த இரண்டு ஒன்பது கால் சாக்கெட்டிலும் இ.சி.சி.83. மூன்றுக்குமே ஃபிலமென்ட் 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர் என்பதால் டிரான்ஸ்ஃபார்மருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கால் அமைப்பு வேறு. இ.சி.சி.83-க்கு 4-ஐயும் 5-ஐயும் இணைத்து ஒரு கம்பி, 9-க்கு மறு கம்பி. பழைய வயரிங்கை அப்படியே விட்டால் 12.6 வோல்ட் கேட்கும் இடத்தில் 6.3 போய், வால்வு அரைத்தூக்கத்தில் கிடக்கும்.

ஒரு வால்வு கிட்டாரைத் தூக்கிப் பழைய பிக்கப் துளைக்கு அனுப்பும். இன்னொன்று ரெக்கவரி, அதை மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரமான சாக்கெட்டில் வையுங்கள். பெரும்பாலும் அது பழைய இ.சி.எச்.81-இன் இடமாகத்தான் இருக்கும். ஆனோடு 100 கிலோ ஓம், கேதோடு 1.5 கிலோ ஓம், அதன் குறுக்கே 22 மைக்ரோ ஃபாரட், கிரிட்டில் 220 கிலோ ஓம். சுமார் 60 மடங்கு கூடும், 3 மில்லி வோல்ட் 180 ஆகும். டிரைவரின் கிரிட்டுக்கு 1 நானோ ஃபாரட் கப்பாசிட்டரும் 470 கிலோ ஓமும் போட்டால் 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு விழும். அடிச்சத்தம் முழுசாக உள்ளே போனால் ஸ்பிரிங் குமுறத்தான் செய்யும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஃபிலமென்ட் கம்பி. ரேடியோக்களில் அதன் ஒரு முனை சேஸியில் பற்றவைத்திருக்கும். ரேடியோவுக்கு அது போதும், 3 மில்லி வோல்ட் ரெக்கவரிக்குப் போதாது. அந்த முனையை விடுவித்து, இரு முனையிலிருந்தும் சேஸிக்கு ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். டயல் பல்பின் ஹோல்டரும் சேஸி வழியே திரும்புவது என்பதை மறந்தால் செய்த வேலை வீண், அதையும் பிரித்தெடுக்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்றில் 100 ஓம் 2 வாட் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். டேங்க் பிளக் கழன்றால் சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள் பொறி விட்டுவிடும்.

அலைவாங்கும் வால்வுகள் போனதால் ஹெச்.டி. வோல்டேஜ் (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி) கொஞ்சம் ஏறும். இ.எல்.84-இன் ஆனோடு 300 வோல்ட்டைத் தாண்டாமல் பாருங்கள். கேதோடு ரெசிஸ்டரை 220 அல்லது 270 ஓம் ஆக்கினால் வால்வு குளிர்ச்சியாக ஓடும். நமக்கு முழு வாட்ஸ் தேவையில்லை, சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்கு இது நல்லதும்கூட. மெயின்ஸ் தேர்வில் 245 வோல்ட் முனை இருந்தால் அதில் வையுங்கள்.

டேங்க்கை ரேடியோ பெட்டிக்குள் திணிக்க வேண்டாம். ஒரு மீட்டர் ஷீல்டு கம்பியில் வெளியே, ஸ்பாஞ்சின் மேல், திறந்த பக்கம் கீழாக இருக்கட்டும். வெளியீட்டு முனை டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்ப்பக்கம். ஓட விட்டு மெதுவாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் ஹம்மிங் சட்டென்று அடங்கும், அங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஐ.சி. வைத்துச் செய்வது பற்றி இரண்டே வரி. 600 ஓம் டேங்க்கும் ஒரு ஆப்-ஆம்ப் போர்டும் இதைவிடச் சத்தமின்றி, செலவின்றி, ஷாக் பயமின்றி ஓடும். மேடைக் குரலுக்கு மட்டும் என்றால் அதுவே போதும். வால்வு டிரைவர் திணறும்போது கிட்டாரில் வரும் அந்தச் சொட்டுச் சத்தம் வேண்டுபவர்களுக்குத்தான் இத்தனை பாடும்.

வால்வு கிடைக்குமா என்பது அடுத்த கவலை. இ.எல்.84-ம் இ.சி.சி.83-ம் இன்றும் புதிதாகத் தயாராகின்றன, பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) முத்திரையோடு பழைய சரக்கும் அகப்படும். இ.சி.எல்.82 வைத்த செட்டை எடுத்தால் உபரியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. போருக்கு முந்திய பெரிய செட்களில் ஸ்பீக்கரின் காந்தச் சுருளே ஃபில்டர் சோக்காகவும் இருக்கும். ஸ்பீக்கரைக் கழற்றினால் ஹெச்.டி.யே வராது, பதிலுக்கு ஒரு சோக் வைக்க வேண்டும். முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

கடைசியாக மறுவிற்பனை. தேக்குப் பெட்டியும் கண்ணாடி டயலும் முழுசாக உள்ள ரேடியோவைக் குடைந்தால் அதன் மதிப்பை நாமே கெடுத்துவிடுகிறோம். டயல் உடைந்தது, பெட்டி செல்லரித்தது, சேஸி மட்டும் தனியாகக் கிடப்பது, இப்படிக் கேளுங்கள். நமக்கு வேண்டியது இரும்பும் செம்பும்தான். கழற்றிய கேங், ஐ.எஃப். டப்பா, டயல் கயிறு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, எந்தக் கம்பி எங்கிருந்தது என்று ஒரு படமும் வரைந்து உள்ளே வையுங்கள்.