எக்ஸ்ரே நார்மல் என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது. ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். காலையில் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். வலது காலை மடக்கி, வெளிப்பக்கமாகச் சாய்த்துப் போட்டபடி அசையாமல் கிடந்தாள். டயப்பர் மாற்றக் காலைத் தூக்கியதும் அலறினாள். எங்கே வலிக்குது என்றால் முட்டியைக் காட்டினாள்.

ஊரில் நல்ல பெயருள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முட்டியை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "எங்கயாவது விழுந்திருப்பா, சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றிக் காய்ச்சல் சிரப் கொடுத்தார்கள். மறுநாள் மறுபடி போனோம். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், அதுவும் நார்மலாம். "ஸ்கேன் பார்த்துடலாமா சார்?" என்று கேட்டேன். "எலும்பு நல்லா இருக்கும்மா, எதுக்கு வீண் செலவு" என்றார். ஸ்கேன் ரூம் இரண்டு கதவு தள்ளி இருந்தது. ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை.

மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டரம்மா முட்டியை விட்டுவிட்டு இடுப்பை மெதுவாகத் திருப்பிப் பார்த்ததுமே பாப்பா துடித்துப்போனாள். இடுப்பு வலியைக் குழந்தைகள் முட்டியில் காட்டுவது சகஜம் என்றார். என் மடியிலேயே வைத்து அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து வேண்டாம். இரண்டு இடுப்பையும் ஒப்பிட்டுக் காட்டினார். வலது மூட்டில் கறுப்பாக நீர் கோத்திருந்தது. அது சீழா, சாதாரண நீரா என்பதை ஸ்கேன் சொல்லாது, ஊசியில் எடுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். எடுத்தார்கள். சீழ். இடுப்பு மூட்டுக்குள் கிருமித் தொற்று, செப்டிக் ஆர்த்ரைடிஸ் என்பார்களாம். அன்றைக்கு இரவே மூட்டைத் திறந்து கழுவினார்கள். எலும்புக்குள்ளும் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பிறகு எம்ஆர்ஐயும் எடுத்தார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு மாற்றம் தெரியப் பத்து நாள்கூட ஆகுமாம். அதற்குள் சீழ் குருத்தெலும்பை அரித்துவிடும். அழுத்தம் கூடி, இடுப்பு மூட்டுக்குள் பந்துபோல இருக்கும் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமும் நின்றுபோகலாம். மூட்டில் சீழ் இருக்குமா என்று கணிக்க, காய்ச்சல் 38.5 செல்சியஸுக்கு (சுமார் 101 டிகிரி) மேல், காலை ஊன்றாமை, ஈஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 40க்கு மேல், ரத்தத்தில் வெள்ளையணு 12,000க்கு மேல், இந்த நான்கையும் பார்ப்பார்களாம். பாப்பாவுக்கு நான்கும் இருந்தன. முதல் இரண்டை நானே அந்தத் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னேனே!

காய்ச்சலோடு குழந்தை காலை ஊன்றாவிட்டால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் இடுப்பு அல்ட்ராசவுண்டும் கேளுங்கள். மறுத்தால் அங்கே உட்கார்ந்திருக்காதீர்கள். சுளுக்கு வழிக்கவும் கூட்டிப் போகாதீர்கள்.

எட்டு மாதம் ஆகிறது. நடக்கிறாள். ஓடும்போது மட்டும் வலது கால் லேசாக இழுக்கிறது. வளர்ந்து முடியும்வரை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். முதல் ஆஸ்பத்திரி ஃபைலில் இன்னமும் சுளுக்கு என்றுதான் இருக்கிறது.