கன்ஸ்ட்ரக்டரில் கிடைக்காத ரிக்வெஸ்ட்: ஏஎஸ்பி.நெட் எம்விசியுடன் எட்டு ஆண்டுகள்

வலைத்தளத்துக்கு வரும் கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டரில், அதாவது பொருள் உருவாகும்போதே ஓடும் பகுதியில், ரிக்வெஸ்டை, அதாவது அந்தக் கோரிக்கையின் விவரங்களைத் தொட்டவுடன் நிரல் முறிந்துவிடுகிறதே, என்ன காரணம் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஏஎஸ்பி.நெட் எம்விசி 5 என்ற மைக்ரோசாஃப்ட் வலைக் கட்டமைப்பில் நான் எழுதிய முதல் அடிப்படை கன்ட்ரோலரிலும் இதே இடத்தில்தான் இடறினேன். பயனர் தேர்ந்தெடுத்த மொழியைக் குக்கியிலிருந்து முன்கூட்டியே எடுத்துவைக்க ஒரே ஒரு வரி எழுதினேன்; நல் ரெஃபரன்ஸ் பிழைதான், அதாவது இல்லாத ஒன்றைப் பயன்படுத்திய பிழைதான் கிடைத்தது.

கன்ட்ரோலர் ஃபேக்டரி முதலில் பொருளை உருவாக்குகிறது. அதன் பிறகே எக்ஸிக்யூட் என்ற மெதட் அழைக்கப்பட்டு, அதற்குள் இனிஷியலைஸ் என்ற மெதட் ஓடி, நடப்புக் கோரிக்கையின் விவரங்களைத் தாங்கும் கன்ட்ரோலர் கான்டெக்ஸ்ட் நிரப்பப்படுகிறது. ரிக்வெஸ்ட், செஷன், யூசர் மூன்றும் அந்தக் கான்டெக்ஸ்டின் வழியாகவே வருவதால், கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் அவை வெறுமையாகவே இருக்கும். இந்த வரிசையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கோரிக்கை எதுவும் இல்லாமலேயே கன்ட்ரோலரை உருவாக்கிச் சோதிக்க முடிவது இதனால்தான்.

என் கோபமெல்லாம் அந்த மௌனத்தின் மீதுதான். ரிக்வெஸ்ட் என்ற ப்ராபர்ட்டி, கான்டெக்ஸ்ட் இருக்கிறதா என்று தானே சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் எதுவும் சொல்லாமல் நல் என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தருகிறது. இன்னும் நேரம் வரவில்லை என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தெளிவான பிழைச்செய்தியாக அங்கேயே சொல்லியிருந்தால் எத்தனையோ பேருடைய மாலைப்பொழுதுகள் மிஞ்சியிருக்கும். மௌனத்தால் வரும் பெரிய கேடு வேறு: நடப்புக் கோரிக்கையை எங்கிருந்தும் தரும் ஹெச்டிடிபி கான்டெக்ஸ்ட் கரன்ட் கன்ஸ்ட்ரக்டரிலும் வேலை செய்வதால் நானும் அதையே பிடித்துக்கொண்டேன், யூனிட் டெஸ்ட் எழுதத் தொடங்கிய நாளில், அங்கே உண்மையான கோரிக்கை இல்லாததால், அத்தனை கன்ட்ரோலர்களும் ஒன்றாக விழுந்தன.

இனிஷியலைஸை ஓவர்ரைடு செய்து (நமக்கேற்ப மாற்றி எழுதி), முதல் வரியிலேயே பேஸ் இனிஷியலைஸை அழைத்துவிட்டால் ரிக்வெஸ்ட் கிடைத்துவிடும். ஆனால் அனுமதியைச் சரிபார்க்கும் ஆத்தரைஸ் ஃபில்டர் ஓடுவதற்கு முன்பே இது ஓடிவிடுகிறது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். அனுமதியற்ற கோரிக்கைகளுக்காகவும் என் நிரல் தரவுத்தளத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பயனரை வேறு பக்கத்துக்குத் திருப்ப வேண்டுமானால் அதற்கும் இது இடமில்லை. அனுமதிச் சரிபார்ப்புக்குப் பிறகு, ஆக்‌ஷன் தொடங்கும் முன் ஓடும் ஆன் ஆக்‌ஷன் எக்ஸிக்யூட்டிங்கில் ரிசல்ட்டை நிரப்புவதே முறை.

2016-இல் வந்த அடுத்த தலைமுறையான ஏஎஸ்பி.நெட் கோரில் ஹெச்டிடிபி கான்டெக்ஸ்ட் கரன்ட்டும் இல்லை, இந்த இனிஷியலைஸும் இல்லை. நடப்புக் கான்டெக்ஸ்டை எடுத்துத் தரும் கான்டெக்ஸ்ட் அக்சஸர் ஒன்றைக் கன்ஸ்ட்ரக்டருக்கே வெளியிலிருந்து கொடுக்கும், அதாவது இன்ஜெக்ட் செய்யும் வழி வந்தது. அது நேர்மையான வழி: எதைச் சார்ந்திருக்கிறோம் என்பது கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. ஆயினும் ரிக்வெஸ்ட் ப்ராபர்ட்டி கன்ஸ்ட்ரக்டரில் இன்றும் அதே நல்லைத்தான் தருகிறது, அதே மௌனத்துடன்.

இத்தனை பாராட்டிய பிறகும், எம்விசி 5-ஐ மீண்டும் தேர்ந்தெடுப்பேனா என்று கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன். நண்பரிடம் அந்த வரியை ஆன் ஆக்‌ஷன் எக்ஸிக்யூட்டிங்குக்கு மாற்றச் சொன்னேன். மாற்றியதும் மொழி சரியாக வந்தது.