இ-மைக்ரேட்: பத்தாவது பாஸானவனுக்கு இதில் என்ன பாதுகாப்பு?

வெளிநாட்டு வேலை என்று யாராவது பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தைத் திறந்து அந்த ஏஜென்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். செலவு கிடையாது. போன் இருந்தால் போதும். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பிள்ளைகள் துபாய், கத்தார், சவுதி என்று கிளம்பும்போது காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லத்தான் கூப்பிடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து இந்தத் தளத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வெளியுறவு அமைச்சகத்தின் தளம் இது. 2014 முதல் இயங்குகிறது. 2024 அக்டோபரில் புதுப்பித்து ஆப்பும் கொண்டுவந்தார்கள். இதன் பின்னால் இருப்பது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். அரசிடம் பதிவுச் சான்றிதழ் வாங்காமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் முழுவதும் தளத்தில் இருக்கிறது. பதிவில்லாமல் ஆள் பிடிப்பதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் தனியாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவரை நம்பிவிடாதீர்கள். புகார் வந்தால்தானே பெயர் ஏறும்? முதல் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய மாணவன் ஒருவன் வெல்டர் வேலைக்கென்று விசிட்டிங் கார்டோடு வந்தான். "டீச்சர், லைசென்ஸ் நம்பரே போட்டிருக்கு, பெரிய ஆபீஸ்தான்" என்றான். தேடினோம். நம்பர் உண்மையானதுதான், செல்லுபடியிலும் இருந்தது. ஆனால் அது வேறு ஊர் நிறுவனத்தின் நம்பர். பதிவு எண்ணிலேயே ஊரின் குறி வரும், அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. கார்டில் இருந்த போனை விட்டுவிட்டு, தளத்தில் இருந்த போனைக் கூப்பிடச் சொன்னேன். "எங்களுக்கு மும்பையில் கிளையே கிடையாது, அப்படி ஒரு ஆளும் இல்லை" என்றார்கள். அவன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகாமல் தப்பியது. ஆகவே நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பெயர், முகவரி, போன் மூன்றும் தளத்தில் இருப்பதோடு பொருந்த வேண்டும். எப்போதும் தளத்தில் உள்ள எண்ணையே கூப்பிடுங்கள்.

"நாங்க அந்தக் கம்பெனியோட சப்-ஏஜென்ட்" என்று சொல்பவர்கள் தாராவியிலும் உண்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு. சட்டத்தில் சப்-ஏஜென்ட் என்று ஒரு ஆளே கிடையாது. அவர் உறவுக்காரராக இருக்கலாம், கோயில் கொடைக்கு நன்கொடை கொடுப்பவராக இருக்கலாம். அவர் கையில் பணம் கொடுத்தால் ரசீது வராது. ரசீது இல்லாவிட்டால் நாளைக்கு நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒரு எண் தெரியாது. பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கும் இடத்தில், லைசென்ஸ் இருந்தாலும் சட்டம் மீறப்படுகிறது. லைசென்ஸ் இருப்பதாலேயே ஒருவர் நேர்மையானவர் ஆகிவிட மாட்டார். 2015இல் கொச்சியில் சிபிஐ பதிவு செய்த வழக்கை நினைத்துப் பாருங்கள். குவைத் நர்ஸ் வேலைக்கு ஆளுக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய ஒரு ஏஜென்சி 19.5 லட்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அந்த ஆண்டிலிருந்துதான் வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புவதை அரசு நிறுவனங்களின் வழியாகத் திருப்பினார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது ஓஎம்சிஎல், அதாவது அயல்நாட்டு மனிதவள நிறுவனம். மும்பையில் இருக்கும் நம் பெண்களில் பலருக்கு இப்படி ஒரு அரசு நிறுவனம் இருப்பதே தெரியவில்லை.

முறையாக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கிப் போகிறவருக்கு இன்ஷூரன்ஸும் உண்டு. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். நல்ல திட்டம்.

இனி என் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வேலை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவது, மேலே சொன்ன அனுமதி, கட்டாய இன்ஷூரன்ஸ் எல்லாம் முதன்மையாக யாருக்கு? இசிஆர் பாஸ்போர்ட், அதாவது வேலைக்குப் போகும் முன் அரசு அனுமதி வேண்டும் என்று குறிக்கப்பட்ட பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு. பெரும்பாலும் பத்தாவது தேறாதவர்கள். அவர்களும் அரசின் பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்குப் போனால்தான். பத்தாவது பாஸ் செய்துவிட்டால் பாஸ்போர்ட்டில் இசிஆர் வராது, அரசு அனுமதியும் தேவையில்லை. எங்கள் தெருக்களில் இதை ஒரு சௌகரியமாகவே பேசுவார்கள். "பத்தாவது முடிச்சிட்டான், இனி எமிகிரேஷன் தொல்லை இல்ல." அந்தத் தொல்லைதான் அவனுக்குப் பாதுகாப்பு என்பதை யாரும் சொல்வதில்லை. பத்தாவது படித்தவனுக்கு அரபியில் எழுதிய ஒப்பந்தம் புரியுமா? டிப்ளமோ படித்தவனுக்குத்தான் புரியுமா?

இன்றைய மோசடிக்காரர்கள் தேடுவதே படித்த பிள்ளைகளைத்தான். கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம் என்று தாய்லாந்துக்கு அழைத்துப் போய், அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்தார்கள். 2022 அக்டோபரில் அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம். தாய்லாந்து அந்த 18 நாடுகளில் ஒன்று. ஆனால் சுற்றுலா விசாவில் போகும் பத்தாவது பாஸ் பையனை இந்த அமைப்பு எதுவும் கேட்காது. மியான்மர், கம்போடியா, லாவோஸ், ரஷ்யா ஆகியவை பட்டியலிலேயே இல்லை. அங்கே போகிற இசிஆர்காரனுக்கும் அனுமதி வேண்டியதில்லை.

அரசு இதை அறியாமல் இல்லை. இசிஆர் இல்லாத பாஸ்போர்ட்காரர்களும் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் 2019 ஜனவரி 1 முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2018 நவம்பரில் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தார்கள். பதியாதவரை விமான நிலையத்தில் இறக்கிவிடுவோம் என்று அந்த அறிவிப்பில் சொன்னதை நானும் ஏற்க மாட்டேன். பதிவு செய்யாத தவறுக்குத் தொழிலாளியைத் தண்டிப்பது நியாயமில்லை. ஆனால் விருப்பப்பட்டால் பதியலாம் என்று விட்டுவிட்டதால், அப்படி ஒரு வசதி இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. என்னிடம் வருகிறவர்களை நான் பதியச் சொல்கிறேன். சிக்கல் வந்தால், எந்த முதலாளியிடம் போனான் என்ற விவரமாவது அரசிடம் இருக்கும்.

சட்டமும் கிழடாகிவிட்டது. பதிவில்லாமல் ஆள் எடுத்தால் இரண்டு வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1983இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். 2019இல் ஒரு வரைவு, 2021இல் ஒரு வரைவு வந்தன, எதுவும் சட்டமாகவில்லை. சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழு, 2025இல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் பற்றிய அறிக்கையில் புதிய சட்டத்தை விரைந்து கொண்டுவரச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் அமைச்சகம் புதிய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கட்சி எதுவானாலும், இந்த வேலையில் ஈடுபடும் எம்.பி.க்களை நான் மதிக்கிறேன். ஓட்டு வாங்கித் தரும் விஷயம் அல்ல இது. வெளிநாட்டில் கிடப்பவன் தேர்தல் நாளில் ஊரில் இருக்கப் போவதில்லை.

தாராவி இருப்பது மும்பை தென்மத்தியத் தொகுதி. எங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதி, பழைய மாணவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். பத்தாவது பாஸோ ஃபெயிலோ, நாடு எதுவானாலும், வேலைக்குப் போகிறவனின் ஒப்பந்தம் அரசிடம் பதிவாக வேண்டும். பதிய வேண்டிய பொறுப்பு ஏஜென்டுக்கும் முதலாளிக்கும் இருக்க வேண்டும், தொழிலாளிக்கு அல்ல. சப்-ஏஜென்ட் வாங்கிய பணத்துக்கு லைசென்ஸ்காரர் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால் பயப்படாதீர்கள். பாதிக்கப்பட்டவரோ, அவருடைய அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. பிரிவு 27இல் தெளிவாக இருக்கிறது. தாராவியிலிருந்து மிட்டி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வளாகம், அங்கே விதேஷ் பவனில்தான் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம். போகும்போது வாட்ஸ்அப் பேச்சுகள், யுபிஐ விவரங்கள், விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். போனிலிருந்து எதையும் அழித்துவிடாதீர்கள்.