எம்ஜிபி-க்கு வி8 ரப்பர் புஷ்: தாராளமாக வாங்கலாம்
என்னுடையது 1971 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்ததால், வருடத்தைச் சொல்லி வாங்கிய ஸ்பிரிங் பொருந்தவே இல்லை. பழையதைக் கழற்றி கம்பியின் தடிமன், சுருள் எண்ணிக்கை, உயரம் மூன்றையும் அளந்த பிறகுதான் சரியானது கிடைத்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் மூட்டில், அதிர்வைத் தாங்க ஒரு சிறு உருளை இருக்கும், அதுதான் புஷ். அதற்கு முதலில் போட்ட பாலியூரித்தேன் (கெட்டியான பிளாஸ்டிக் ரப்பர்) புஷ், கிரீஸ் காய்ந்ததும் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கியது. அப்புறம் இதே காரின் எட்டு சிலிண்டர் மாடலான எம்ஜிபி ஜிடி வி8-க்கு வந்த, நடுவில் இரும்புக் குழாய் வைத்த ரப்பர் புஷ்ஷுக்கு மாறினேன். அருமை! ஸ்டியரிங் கச்சிதமாகிவிட்டது, பள்ளத்தில் இறங்கினாலும் உடம்பு அதிரவில்லை. மாட்டும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள், வண்டி ஜாக்கியில் நிற்கும்போது போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கிவிடாதீர்கள். சக்கரம் தரையில் பதிந்து முழு எடையும் இறங்கிய பிறகே முறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.