வீட்டு நடையா, சாலை நடையா: கலோரிக் கணக்கில் எதை எழுதுவது?

காரைக்குடியில் துணிக்கடைக் கல்லாவில் உட்காருகிற அண்ணனுக்கும், மூன்று கட்டு வீட்டில் முகப்புக்கும் அடுப்படிக்குமாக நாள் முழுக்க நடக்கிற ஆச்சிக்கும், விடிகாலையில் கல்லூரிச் சாலையில் வேகநடை போகிறவருக்கும் கைப்பேசி ஒரே எண்ணைக் காட்டலாம்: இன்று 9,000 அடி. எடையைக் குறைக்கச் சாப்பாட்டுக் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான் சிக்கல். இந்த 9,000-ல் எத்தனை அடிக்குக் கலோரி வரவு வைப்பது? எல்லாவற்றுக்குமா? செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கவென்றே போன நடைக்கு மட்டுமா? வழக்கமான நாளைவிடக் கூடுதலாக நடந்ததற்கு மட்டுமா?

மூன்று முறையும் புழக்கத்தில் இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த வேலைக்காரருக்கு முதல் முறை, வீட்டு வேலை பார்ப்பவருக்கு இரண்டாவது, நாளுக்கு நாள் உழைப்பு மாறுகிறவருக்கு மூன்றாவது. இதில் பிடிவாதமாக நிற்கிறேன். காரணம் அடியில் இல்லை, அடிக்கு முன்னால் நாம் எழுதிவைக்கிற அடிப்படை எண்ணில் இருக்கிறது.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். 1990-ல் வெளியான மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் பெரும்பாலான செயலிகள் பயன்படுத்துகின்றன. 45 வயது, 65 கிலோ, 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்மணிக்கு அதன்படி, உடம்பு அசையாமல் கிடந்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 1,233 கலோரி செலவாகும். இதை அவருடைய அன்றாட உழைப்புக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள். உட்கார்ந்தே இருப்பவர் என்றால் 1.2, லேசான உழைப்பு என்றால் 1.375. முதலாவது 1,480 தரும், இரண்டாவது 1,695 தரும். இரண்டுக்கும் நடுவே உள்ள 215 கலோரிக்குள்தான் பெருக்குவது, துடைப்பது, மாடிக்குப் போய் வடகம் காயவைப்பது எல்லாம் அடங்கியிருக்கின்றன. செயலியில் 'லேசான உழைப்பு' என்று தொட்டவுடனேயே வீட்டு நடைக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது.

முதல் முறை: எல்லா அடியும்

இதில் இருக்கும் ஆபத்து இரட்டை வரவு. மேலே சொன்ன பெண்மணி 'லேசான உழைப்பு' என்று போட்டு 1,695 வாங்கிக்கொள்கிறார். பிறகு 9,000 அடியையும் சேர்க்கிறார். அடிக்கு 0.03 கலோரி என்று வைத்தால் 270. ஆனால் அந்த 9,000-ல் அரை மணி நேர வேகநடை 3,500 அடிதான், மிச்சம் 5,500 வீட்டுக்குள் நடந்தது. அது ஏற்கெனவே 1,695-க்குள் இருக்கிறது. அரை மணி வேகநடைக்கு மொத்தச் செலவு 114 கலோரி. அதிலும் அந்த அரை மணி அவர் நடக்காமல் இருந்திருந்தாலும் 35 கலோரி செலவாகியிருக்கும். ஆக, நியாயமான கூடுதல் 80-ஐ ஒட்டித்தான். எழுதியதோ 270. தினம் 300 கலோரி குறைத்துச் சாப்பிடுவதாக நம்புகிறவருக்கு அதில் 190 இங்கேயே போய்விடுகிறது. பசியை அடக்கிக்கொண்டு இருந்தும் எடை இறங்கவில்லை என்று பலர் மனம் நொந்து கணக்கையே விட்டுவிடுவதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் சாப்பாட்டில் தப்பே இருந்திருக்காது.

ஆனால் அதே முறை கல்லாவில் இருக்கிற அண்ணனுக்குச் சரியாகப் பொருந்தும். அவர் அடிப்படையில் 1.2 போட வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அசைவு என்றால் நடைதான். கடையிலிருந்து வங்கிக்கு, வங்கியிலிருந்து கொப்புடையம்மன் கோயிலுக்கு, கோயிலிலிருந்து வீட்டுக்கு என்று எண்ணிக்கொண்டால் அவருடைய உழைப்பு ஏறக்குறைய முழுதும் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது முறை: வெளியே போன நடை மட்டும்

"காலையிலேர்ந்து கால் ஓயலை, அதுக்கு ஒண்ணும் கணக்கு இல்லையா?" என்று ஆச்சிமார்கள் கேட்பது இந்த முறையைச் சொன்னால்தான். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறவை. முகப்பில் யாரோ கூப்பிட்டால் பின்கட்டிலிருந்து வளவைத் தாண்டி வந்து, யாரென்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் நூறு அடி ஆகிவிடும். ஆனாலும் வீட்டு வேலையை அளக்க அடி எண்ணிக்கை சரியான கோல் இல்லை. அதனால்தான் இந்த முறையைச் சொல்கிறேன்.

எப்படி என்றால், அடுப்படியில் நின்றபடி காய் நறுக்கி, தாளித்து, கிளறிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்துக்கு உடம்பு ஓய்வில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு செலவு செய்கிறது. 65 கிலோ உள்ளவருக்குக் கூடுதலாக 65 கலோரி. சமதரையில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நடந்த அளவு. அடிமானியில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று தேன்குழல் பிழிகிறவருக்கு அடி ஏறவே ஏறாது, ஆனால் தோளும் கையும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே வீட்டு வேலையை அடியாக எண்ணப் போனால் அதில் பாதி தப்பிவிடும். 1.375 என்ற பெருக்கல் எண்ணோ அடி, நிற்பது, தூக்குவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குத்துமதிப்பாகத் தருகிறது. வீட்டை அதனிடம் விட்டுவிட்டு, சாலையில் நடந்ததை மட்டும் அடியாக எழுதுவதுதான் அவர்களுக்கு லாபம்.

இன்னொரு நடைமுறை வசதியும் உண்டு. சேலையில் பை கிடையாது. வீட்டில் கைப்பேசி ஊஞ்சல் பலகையிலோ சாமி அலமாரிப் பக்கத்திலோ கிடக்கும். ஆண்களும் வீட்டில் சட்டையைக் கழற்றிவிட்டால் அது ஆணியில் தொங்கும், கைப்பேசியும் கூடவே. அது எண்ணுவது பெரும்பாலும் வாசல் தாண்டிய நடையைத்தான். கைப்பேசிக்காரர்கள் தங்களை அறியாமலே இரண்டாவது முறையில்தான் இருக்கிறார்கள். கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிய வாரத்தில் அடி மளமளவென்று ஏறுவது இதனால்தான். நடை கூடியிருக்காது, எண்ணுகிற இடம் மாறியிருக்கும். அப்போது சாப்பாட்டைக் கூட்டிவிடக் கூடாது.

மூன்றாவது முறை: வழக்கத்துக்கு மேல் உள்ளது மட்டும்

விசேஷமில்லாத இரண்டு வாரத்துக்கு அடியைக் குறித்துச் சராசரி எடுங்கள். அது 5,000 என்றால், அதற்கு மேல் போனதை மட்டும் வரவு வையுங்கள். கல்யாணம், படைப்பு, அறுபதாம் கல்யாணம் என்று வரிசையாக வருகிற தை, வைகாசி மாதங்களில் எனக்குப் பிடித்த முறை இதுதான். சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், கல்யாண வேலையை முன்னின்று பார்க்கிறவர்கள் இதைத் தவிர வேறு எதை வைத்தும் சமாளிக்க முடியாது. ஒரு நாள் வீட்டில், மறுநாள் இருநூறு இலைப் பந்தியில்.

ஆனால் தொகை நினைத்த அளவு வராது. பந்தி நாளில் 14,000 அடி போனால் கூடுதல் 9,000. வீட்டுக்குள் வைக்கிற அடி சின்னது, அரை மீட்டர் என்று கொண்டால் நாலரைக் கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 34 கலோரி என்றால் 150-ஐ ஒட்டி வரும். நின்ற நேரத்தையும் தூக்கிய பாத்திரத்தையும் நினைத்து இன்னும் நூறு சேர்த்துக்கொள்ளலாம். கால் கடுப்பதற்கும் கலோரிக்கும் நேர் விகிதம் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைக்கும்.

படி ஏறுவதை மட்டும் தனியாகப் பாருங்கள். குன்றக்குடி மலைக்கோயிலில் ஏறுகிற ஒரு படிக்கும் தெருவில் வைக்கிற ஓர் அடிக்கும் அடிமானியில் வித்தியாசம் இல்லை. உடம்பைத் தூக்கவேண்டியிருப்பதால் ஏறுகிற படிக்குச் சுமார் நான்கு மடங்கு செலவு. மூன்று முறையில் எதைப் பின்பற்றினாலும் ஏறிய படியைக் கூட்டிக்கொள்ளலாம், தவறில்லை.

கடிகாரம் தருகிற கலோரி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது நாலாவது முறை என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். நம் சித்திரை வெயிலில் துடிப்பு வெப்பத்தாலேயே ஏறும், துடிப்பை வைத்துக் கணக்கிடுகிற கருவி அதையும் உழைப்பு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு கையிலும் சந்தைப் பையைத் தூக்கி வந்தால் கை ஆடாததால் அடி குறையும்.

எழுதாமல் விட்ட அடி வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லெவைன் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புக்கூடச் சேரவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. அன்றாடச் சின்னச் சின்ன அசைவுகள் யாருக்குக் கூடியதோ அவர்களுக்கே குறைவாகச் சேர்ந்தது. வீட்டு நடை உடம்புக்கு அவ்வளவு முக்கியம். ஏட்டில் இரண்டு தடவை எழுதாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். 10,000 அடி இலக்கும் கலோரிக் கணக்கிலிருந்து வந்ததில்லை, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது.

எந்த முறையை எடுத்தாலும் நாலு வாரம் மாற்றாமல் வைத்திருங்கள். வாரம் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துச் சராசரி எழுதுங்கள். கணக்குப்படி ஒரு கிலோ இறங்கியிருக்க வேண்டும், தராசில் கால் கிலோதான் என்றால், வரவு வைக்கிற அடியைப் பாதியாக்குங்கள். முறையை மாற்ற வேண்டாம்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் சிங்கம்புணரிக்கு முன்பே மூடிவைத்துவிடலாம். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் 65 கிலோ உள்ளவருக்குக் கூடுதலாக 1,000 கலோரி ஆகும். அதைக் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நடப்பது ஆபத்து. வழியில் கொடுக்கிற அன்னதானத்தை வயிறாரச் சாப்பிடுங்கள், தண்ணீரையும் உப்பையும் விடாதீர்கள். திரும்பியதும் கால் வீங்கி நீர் கோத்திருக்கும், ஒரு வாரத்துக்குத் தராசில் ஏற வேண்டாம். முக்கியமாக, அந்த நாட்களின் அடியை உங்கள் வழக்கமான சராசரியில் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் மாசி மாதம் முழுக்க, வேகநடை போன நாளிலும் கூடுதல் பூஜ்யம் என்றுதான் வரும்.