இருட்டு எபிசோடும் உப்புக்காற்றும்: கரையோர வீட்டுத் திரையில் ‘தி லாங் நைட்’

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரின் எட்டாவது சீசனில் மூன்றாவது எபிசோடான ‘தி லாங் நைட்’ நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது 2019 ஏப்ரல் 29, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கிழக்குப் பார்த்த வீடுகளில் அந்த நேரத்துக்கு வெயில் கூடத்துக்குள் வந்துவிடும். ஏறக்குறைய முழுக்க ராத்திரியில் நடக்கும் 82 நிமிஷ எபிசோடை அந்த வெளிச்சத்தில் போட்டால் திரையில் தெரிவது நம் முகமும் ஜன்னல் கம்பியும்தான்.

ஒரே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று உலகம் முழுக்க அன்றைக்குப் புகார். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், தான் எடுத்த படம் தேவைக்கு மேல் இருட்டு இல்லை, டிவி செட்டிங்கும் ஸ்ட்ரீமிங்கில் படம் நசுங்குவதும்தான் காரணம் என்று பதில் சொன்னார். அப்போது அதைச் சமாளிப்பு என்று நினைத்தவர்கள் நிறைய. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக வேறு வேறு டிவிகளில், வேறு வேறு இணைப்புகளில் இதே எபிசோடை உரைகல்லாக வைத்து ஓட்டிப் பார்த்ததில், அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்றே படுகிறது. நம் கரையில் அதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதையைக் கடைசி வரை சொல்லப்போகிறோம். செத்தவர்களை எழுப்பிப் படையாக்கும் இரவு மன்னன், உயிரோடு இருப்பவர்கள் கூடிக் காக்கும் வின்டர்ஃபெல் கோட்டையைத் தாக்கும் ராத்திரிதான் இந்த எபிசோடு.

தொடக்கத்தில், கோட்டையைக் காப்பவர்களில் ஒருவனான சாம்வெல்லின் நடுங்கும் கைகளில் டிராகன்கிளாஸ் என்ற கருப்புக் கண்ணாடிக் கல்லில் செய்த கத்திகளைக் கொடுக்கிறார்கள். செட்டிங் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கத்தி கருப்பு, உடுப்பு இருள் நிறம், பின்னால் இரவு. அங்கே நிறுத்திவிட்டு ரிமோட்டை எடுங்கள். கத்தியின் விளிம்பு உடுப்போடு கரைந்துபோனால் கருப்பு நசுங்குகிறது என்று அர்த்தம். எல்லாமே சாம்பல் பூசினாற்போல் வெளுத்திருந்தால் பிரைட்னஸ் ஏறிப்போயிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பிரைட்னஸ் என்பது படத்தின் கருப்பு எங்கே தொடங்குகிறது என்பதை மாற்றுவது. பேக்லைட்தான் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் அளவு. படம் இருட்டாக இருக்கிறதென்று பிரைட்னஸை ஏற்றினால் கருப்பு சாம்பலாகும், விவரம் ஒன்றும் கூடாது. ஏற்ற வேண்டியது பேக்லைட். முதலில் பிக்சர் மோடை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று வையுங்கள். ‘விவிட்’, ‘டைனமிக்’ இரண்டும் வேண்டாம். டைனமிக் கான்ட்ராஸ்ட், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணையுங்கள். எகோ மோடையும் மறக்காமல் அணையுங்கள். அறை இருண்டதும் டிவி தானாகவே விளக்கைக் குறைத்துக்கொள்ளும், நாம் பாட்டுக்குப் படத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். காமா என்பது நடுத்தர வெளிச்சம் எவ்வளவு இருட்டாகத் தெரியும் என்ற அளவு; அது பகலில் 2.2, விளக்கணைத்த அறையில் 2.4. ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்துவிடுங்கள்; இந்த எபிசோடில் அது கூர்மையாக்குவது புகையின் புள்ளிகளைத்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் கருப்பு சரிவரவில்லையென்றால் எச்டிஎம்ஐ பிளாக் லெவலைப் பாருங்கள். வீடியோவில் கருப்பு 16-ல் தொடங்கி வெள்ளை 235-ல் முடியும்; கம்ப்யூட்டர் கணக்கில் 0 முதல் 255 வரை. டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ பாக்ஸோ முழு அளவில் அனுப்பி, டிவி குறுகிய அளவை எதிர்பார்த்தால் 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் வெட்டுப்படும். இதற்கு நேர்மாறாக இருந்தால் கருப்பெல்லாம் வெளுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ‘லிமிடெட்’ என்று வைத்தால் போதும்.

அடுத்து, காப்பவர்கள் பக்கம் நிற்கும் டோத்ராக்கி இனத்தாரின் குதிரைப்படை. மந்திரக்காரி மெலிசாண்ட்ரே குதிரையில் வந்து இறங்கி, வாள்களைத் தூக்கச் சொல்லி மந்திரம் ஓதியதும் அத்தனை வாளும் தீப்பற்றுகிறது. படை இருட்டுக்குள் பாய்கிறது. தூரத்தில் அந்தத் தீப்பொட்டுகள் ஒவ்வொன்றாக அவிந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகிறது. கரையில் நின்று ராத்திரிக் கடலில் போகும் படகு விளக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஷாட் நெஞ்சைப் பிசையும். விளக்கு மறைந்தால் படகு தூரம் போய்விட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தத் தேறுதல் கிடையாது. முழு எபிசோடிலும் இதுதான் உச்சம் என்று சொல்லத் தயங்க மாட்டோம். ஆனால் கருப்பு சாம்பலாகத் தெரியும் திரையில் இந்த ஷாட் செத்துப்போகும். அவிவதற்கு முன்னும் பின்னும் ஒரே நிறம்.

இங்கேதான் பேனல் வகை முக்கியமாகிறது. எல்இடி டிவிகளில் இருக்கும் இரண்டு வகைத் திரையில், ஐபிஎஸ் பேனலில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000-க்கு 1. விஏ பேனலில் 3000-க்கு மேல், அதனால் கருப்பு ஆழமாக இருக்கும். விஏ-வின் குறை, பக்கவாட்டில் உட்கார்ந்தால் வெளுத்துவிடும். டிவியை வாசல்நிலை உயரத்துக்கு மாட்டிவிட்டுத் தரையில் பாய் விரித்து அண்ணாந்து பார்க்கும் வீடுகளில் விஏ வாங்கியும் பாதிப் பலன்தான். சாய்க்கக்கூடிய பிராக்கெட் போட்டு, திரையை உட்காரும் இடத்தை நோக்கி 10 அல்லது 15 டிகிரி கவிழ்த்துவிட்டால் அதே டிவி வேறு டிவியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து அணையும் ஓஎல்இடி-யில் கருப்பு முழுக் கருப்பு. ஆனால் ஸ்ட்ரீம் மட்டமாக இருந்தால் இருட்டில் கட்டம் கட்டமாக உடைவதும் அதில்தான் துல்லியமாகத் தெரியும்.

படைக்குப் பின்னால் பனிப்புயல் வருகிறது. இரவு மன்னன் கொண்டுவரும் அந்த வெண்புகைக்குள் காப்பவர்களின் தலைவர்களான ஜானும் டெனேரிஸும் டிராகன் மேல் வழி தெரியாமல் தடுமாறுகிறார்கள். வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய பிரேமில் இருந்ததையே திரும்பப் பயன்படுத்திக்கொள்வதில்தான் மிச்சம் பிடிக்கிறது. பனியும் புகையும் பிரேமுக்குப் பிரேம் புதுசு, மிச்சம் பிடிக்க வழியில்லை. போதாததற்கு இருட்டுப் பகுதிக்குக் குறைவான டேட்டாவே ஒதுக்கப்படும். 8 பிட் வீடியோவில் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மொத்தம் 220 படிகள்தான். ராத்திரி வானம் முழுவதும் அடிப்படிகள் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் வானம் வழுவழுவென்று மங்காமல் பட்டை பட்டையாகத் தெரிகிறது. டிவியில் இதைச் சரிசெய்ய முடியாது. நல்ல ஸ்ட்ரீம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 82 நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3.1 ஜிபி ஆகும். நாளுக்கு 2 ஜிபி பிளானில் போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்துப் பார்த்தால் 53-வது நிமிஷத்தில் டேட்டா தீரும், 1.5 ஜிபி என்றால் 40-வது நிமிஷம். அதற்கு முன்னாலேயே ‘ஆட்டோ’ என்று வைத்திருந்த தரம் 480பி-க்கு இறங்கியிருக்கும். தரத்தை 1080பி என்று நீங்களே வைத்துக்கொண்டு, சுற்றினாலும் காத்திருந்து பார்ப்பது மேல். ஃபைபர் உள்ள வீட்டில் மோடத்திலிருந்து டிவிக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் தங்கிப் பார்ப்பவர்கள் போனில் நெட்வொர்க்கைத் தானியங்கியில் விடாமல் கையால் தேர்ந்தெடுத்து, ரோமிங் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். அக்கரை இலங்கை டவர் சிக்னலைப் போன் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இனி உப்பு. இதை யாரும் ரிவ்யூவில் எழுதுவதில்லை, நம் கரையில் டிவியைக் கொல்வது இதுதான். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிக் கரையிலும், வாடைக் காலத்தில் வடகடல் பக்கமும், தூவானத்தோடு வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை உறிஞ்சி ஈரமாகும். பகலில் வெறும் வெள்ளைத் தூளாக இருப்பது ராத்திரியில் மின்சாரம் கடத்தும் ஈரமாக மாறுகிறது. டிவியின் பின்பக்க ஸ்குரூவைப் பாருங்கள், முதல் அறிகுறி அங்கேதான். தலையில் செம்பழுப்பாகத் துரு கசியும். டிஷ் கேபிளின் கனெக்டரைக் கழற்றினால் நடுச் செம்புக் கம்பியில் பச்சை பூத்திருக்கும்.

எச்டிஎம்ஐ முனையில் இது ஏறினால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அவ்வப்போது ‘நோ சிக்னல்’ வரும். இந்த எபிசோடில் அது பெரிய குழப்பம். மினுக்குவது பனியா, கோளாறா? புயல் காட்சியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். நின்ற படத்திலும் புள்ளி மினுக்கினால் கேபிள்தான். பிளக்கை எடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலரவிட்டு, நாலைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் தீரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் கேபிள் வாங்கும் செலவு மிச்சம்.

திரையைத் துடைக்க நம் ஊர் போர்வெல் தண்ணீர் ஆகாது, அதிலேயே உப்பு. காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். கடையில் விற்கும் பேட்டரி வாட்டரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, லேசாக ஒற்றி எடுத்த பிறகு துடைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் உலர்ந்த துணியால் தேய்த்தால் மணலும் உப்பும் சேர்ந்து கோடு போடும். பாலிதீன் உறை போட்டு மூடி வைப்பதும் தப்பு, ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணி போதும், அதுவும் அணைத்திருக்கும்போது மட்டும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டி வைத்த வீட்டு டிவிதான் சீக்கிரம் போகிறது. தினமும் ஓடும் டிவி தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும்.

போர்க்களத்துக்குத் திரும்புவோம். செட்டிங் சரியான பிறகு பார்த்தால் இருட்டின் மேல் கோபம் போய்விடுகிறது, போர்த்திட்டத்தின் மேல் கோபம் வருகிறது. எதிரி எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் குதிரைப்படை முழுவதையும் இருட்டுக்குள் அனுப்புகிறார்கள். கல்லெறியும் பொறிகள் காலாட்படைக்கு முன்னால் நிற்கின்றன. தீ அகழி படைக்குப் பின்னால். எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை: செத்தவரை எழுப்பும் எதிரி வரும்போது பெண்களையும் பிள்ளைகளையும் கல்லறைக்குள் கொண்டுபோய் வைத்தது. ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்தில் சேதுபதி படை தஞ்சை மராத்தியரோடு மோதும் சுவரோவியம் இருக்கிறது; எந்தப் படை எந்தப் பக்கம் என்று பார்த்ததுமே புரியும். 55 இரவுகள் வெளிப்புறத்தில் எடுத்த இந்தப் போரில் அந்தத் தெளிவு கிடைக்கும் ஒரே இடம், டிராகன்கள் மேகத்துக்கு மேலே வரும் நிலாவொளிக் காட்சி. மூச்சு விட முடிகிறது அங்கே.

கோட்டைக் குடும்பத்துப் பெண்ணான அர்யா நூலகத்துக்குள் ஒளிந்து நகரும் காட்சியில் சத்தமே கதை. செத்தவர்கள் பக்கத்திலேயே திரிகிறார்கள், ஒரு சொட்டு கீழே விழுந்தாலும் கேட்டுவிடும். மேலே சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் இது போய்விடும். டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்கள் ஆடியோவை ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று வையுங்கள், 5.1 என்று விட்டால் சில டிவிகளில் பேச்சு அமுங்கிவிடும். ‘நைட் மோட்’ போட்டால் மெல்லிய சத்தம் மேலே வரும், வெடிச்சத்தம் அடங்கும். சப்டைட்டிலின் வெள்ளையைச் சாம்பலாக்கிக்கொள்ளுங்கள். இருட்டுக் காட்சியில் பளீரென்று வரும் எழுத்து, கண்ணைச் சுருக்கி மற்றதெல்லாம் மறையச் செய்யும்.

கடைசிக் கட்டத்தில் ரமின் ஜவாதியின் பியானோ தொடங்கியதும் வாளோசை ஒதுங்கிவிடுகிறது. பிரானுக்குக் காவல் நிற்கும் தியோன் ஈட்டியோடு ஓடிச் சாகிறான். கோட்டைத் தோப்பின் மரத்தடியில் இருக்கும் அர்யாவின் தம்பி பிரானை இரவு மன்னன் நெருங்குகிறான். அர்யா பாய்கிறாள், கழுத்தைப் பிடித்துவிடுகிறான், கத்தி இடக்கையிலிருந்து நழுவி வலக்கையில் விழுகிறது, குத்து. திடீரென்று வந்த முடிவு என்று அன்றைக்குப் பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறையை ஏற்க முடியாது. அந்தக் கத்தி முதல் சீசனில் பிரானைக் கொல்ல அனுப்பப்பட்டது. ஏழாவது சீசனின் நாலாவது எபிசோடில் அதே மரத்தடியில் பிரான் அதை அர்யாவிடம் கொடுக்கிறான். அதே எபிசோடில் பிரியன் என்ற வீராங்கனையோடு வாள் பயிற்சி செய்யும்போது இதே கைமாற்றை அவள் செய்து காட்டுகிறாள். ஜானுக்கும் இரவு மன்னனுக்கும் நேருக்கு நேர் சண்டை இல்லாமல் போனதுதான் உண்மையான இழப்பு. ஐந்தாவது சீசனிலிருந்து அதற்காகத்தானே காத்திருந்தோம்.

முடிவில் விடியல். மெலிசாண்ட்ரே கோட்டைக்கு வெளியே நடந்து, கழுத்தணியைக் கழற்றிப் போட்டு, கிழவியாகிப் பனியில் சரிகிறாள். அவளைக் கொல்லக் காத்திருந்த டாவோஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அத்தனை நேர இருட்டுக்குப் பிறகு வரும் முதல் பகல் வெளிச்சம் இது. பனித்தரைக்கும் வானத்துக்கும் நடுவே உள்ள கோடு இந்த ஷாட்டில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் கான்ட்ராஸ்டை இரண்டு மூன்று புள்ளி இறக்கி, மறுபடி சாம்வெல்லின் கத்தியிலிருந்து பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல், தெருவிளக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டுவிட்டு.